மேற்படி நபர்

லிங்கிச் செட்டித் தெருவில் நான் பில் போடும் கடையிலிருந்து
இரண்டங்குல இரும்புக் குழாய்
புனேவுக்குப் போக மூன்று நாள்.
லாரி எந்தச் சுங்கச்சாவடியில் நிற்கிறதென்று
இங்கிருந்தே சொல்வேன்.
ஒரு குழாய் குறைந்தால் அங்கிருந்து இந்தியில் திட்டுவார்கள்,
முதலாளி போனை என்னிடம் நீட்டுவார்.

அதே புனேவுக்கு
என் வாரண்ட் போய்த் திரும்பப் பதினோரு மாதம்.

மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு என்று தீர்ப்பு.
இரண்டு மாதம் வந்தது.
பிறகு அருள்தாஸுக்குப் பிம்ப்ரியில் வேலை கிடைத்தது
(ஜோவினிடம் போனில் சொன்னான்,
சம்பளத்தைச் சொல்லவில்லை).
முப்பத்தொரு மாதம் ஆகிறது.
பாக்கிக்கும் வயதுண்டாம்,
ஓராண்டு தாண்டினால் கேட்க முடியாதாம்.
அதனால் மூன்று மனு, மூன்று எண்,
ஒரே ஆள்.

குடும்பநலக் கோர்ட்டில்
என் பெயரை மூன்று முறை கூப்பிடுகிறார்கள்,
அவன் பெயரையும் மூன்று முறை.
அதற்குப் பிறகு வரும் அமைதியில்
எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்,
நான்தான் அவனை எங்கோ ஒளித்து வைத்ததுபோல.

"வெளி மாநிலமாச்சேம்மா" என்றார் ஏட்டு,
தொற்றுநோய் வார்டைக் காட்டுகிற குரலில்.
"ரெண்டு பேருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தா போறோம்."
போட்டுப் பார்த்தேன், கணக்கை.
தபாலில் அனுப்பினோம்.

ஆடியில் உறை திரும்பி வந்தது.
எங்கள் தமிழ், அதன்மேல் ஆங்கிலம்,
அதன் முதுகில் நீல மையில் நான்கு வரி மராத்தி.
பெஞ்சு கிளார்க் தலைகீழாகவும் பார்த்தார்.
"ஆள் இல்லைன்னு இருக்கும்" என்றார் வக்கீல் வனமாலி.
படிக்கத் தெரியுமா சார்?
"வழக்கமா அப்படித்தான்மா இருக்கும்."

தங்கசாலையில் மானேவைத் தெரியும்.
சாங்லிக்காரர், தங்கம் உருக்குகிறவர்.
இரண்டாம் மனுவின் செலவுக்கு
என் வளையலை மூசையில் போட்டவர் அவர்தான்.
கையைத் துடைத்துக்கொண்டு
ஜெராக்ஸை விளக்கடியில் பிடித்து, தன் தமிழில் படித்தார்:

மேற்படி நபர் வீட்டில் இல்லை.
எப்போது வருவார், தெரியாது.
இப்படிச் சொன்னது மேற்படி நபரின்

நின்றுவிட்டார்.
ஊதுகுழாய் மட்டும் சீறியது.
என்ன சார் என்றேன்.
மராத்தியிலேயே சொன்னார், மெதுவாக:
பத்னி.

எங்களிடமும் உள்ள சொல்தான்.
நாங்கள் அதைக் கும்பிடுவோம்,
சண்டையில் எடுத்து வீசுவோம்.
அங்கே அவள் கதவு திறந்து
போலீஸிடம் பொய் சொல்கிறாள்.

அழுவேனென்று ஸ்டூலை இழுத்துப் போட்டார் மானே.
எனக்குள் வேறு ஓடிக்கொண்டிருந்தது:
பத்னி இருந்தால் வீடு உண்டு,
வீட்டுக்கு வாடகை,
வாடகைக்குச் சம்பளம்,
சம்பளத்துக்கு ஒரு கம்பெனி.
இன்னொரு தடவை படிங்க சார், எழுதிக்கறேன்.

அந்தச் சொல் வந்ததும் 'மனைவி' என்று எழுதினேன்.
விவாகரத்தான பின்பும்
இந்தச் சட்டப்பிரிவில் நானும் மனைவிதான்,
வனமாலி சொல்லியிருக்கிறார்.
ஒரே காகிதத்தில் இரண்டு பேர்,
நடுவில் 'மேற்படி'.

அடுத்த புதன்கிழமை பிம்ப்ரிக்கு ஒரு லோடு.
டிரைவர் காசிலிங்கத்திடம்
இ-வே பில்லோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தேன்.
இறக்கிட்டு வர்ற வழியில
இந்த வாசலை ஒரு போட்டோ எடுப்பீங்களாண்ணே?

சனிக்கிழமை காலை வந்தது.
பச்சைக் கதவு.
உலர்கிற ஒரு சுடிதார். எனக்கும் அந்த நிறம் பிடிக்கும்.
ஓரமாய் ஒரு ஸ்கூட்டர், பெரிதாக்கிப் பார்த்தால்
டிஎன் 03.

மாநிலம் மாறியும் நம்பர் மாற்றவில்லை.
கடைசிப் பதினாலு தவணையும்
நான் கட்டிய வண்டி.

ஜப்தி செய்யத்தக்க அசையும் சொத்து என்று
மனுவில் ஒரு காலி இடம் உண்டு.
மூன்று தடவையும் 'தெரியவில்லை' என்று எழுதினேன்.
இந்தத் தடவை
நிறத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.